மிதியில் இருந்த மரக்கட்டை

சின்னாளபட்டி வீட்டின் பின்கட்டில் பழைய ஜமுக்காளம் போர்த்திக் கிடந்த அம்மாவின் தையல் மிஷினை இந்த மாசியில் வெளியே இழுத்துப் போட்டேன். அப்பா போன பிறகு அதை யாரும் மிதிக்கவில்லை. ஐந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஜமுக்காளத்தை எடுத்ததும் பல்லி முட்டை ஓடுகளும், ஒரு பொத்தான் டப்பாவும், கறுப்பு உடம்பில் மங்கிப்போன தங்கநிறப் பூக்களும் தெரிந்தன.

நான் குழந்தைகளின் புத்தகங்களுக்குப் படம் வரைந்து பிழைப்பவள். சென்ற வருடம் முழுவதும் எனக்குப் படம் சரியாக வரவில்லை. வேலை வந்தது, முடித்தும் கொடுத்தேன், பணமும் வந்தது. ஆனால் திரையில் இழுக்கும் கோடு ஒவ்வொன்றும் ஏற்கெனவே நான் இழுத்த கோடாகவே இருந்தது. இந்த நேரத்தில்தான் தம்பியின் மகள் தவழ ஆரம்பித்தாள். கையில் கிடைக்கும் காகிதத்தை எல்லாம் வாயில் வைத்துக் கரைத்துவிடுகிறாள். அவளுக்கு ஒரு துணிப் புத்தகம் செய்து தரலாம் என்று தோன்றியது: எட்டுப் பக்கம், பக்கத்துக்கு ஒரு உருவம், எல்லாம் அம்மாவின் வெட்டுத்துண்டு மூட்டையிலிருந்து. முதல் பக்கத்து மீனைக் கையால் தைத்து முடிக்க மூன்று மாலைகள் ஆயின. அதைப் பார்த்த அம்மா, "மிஷினில் ஓட்டினால் ஒரு பொழுதில் முடியும்" என்றாள். அவளே எழுந்து போய்ப் பின்கட்டின் விளக்கைப் போட்டாள்.

கைச்சக்கரம் அசையவில்லை. ஒரு நூல்கூட அசையவில்லை. முதலில் எனக்குப் பயமாக இருந்தது, உள்ளே ஏதோ உடைந்திருக்கும் என்று. பிறகு மூக்கை வைத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. காறிய தேங்காய் எண்ணெய் வாசம். இரண்டு வருடத்துக்கு முன் நான்தான் "துருப்பிடிக்காமல் இருக்கட்டும்" என்று எண்ணெய்த் துளைகளில் எல்லாம் தேங்காய் எண்ணெயை விட்டு வைத்தேன். தேங்காய் எண்ணெய் நாளாக ஆகக் கெட்டிப்பட்டுப் பிசினாகிவிடும். தையல் மிஷினுக்கென்று விற்கும் எண்ணெய் தண்ணீர் போல் மெல்லியது, பிசினாகாது. வீட்டில் மிஷின் வைத்திருப்பவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனவே முதல் இரண்டு நாள் வேலை பிசினைக் கரைப்பதுதான். முற்றத்தில், அடுப்புக்கும் விளக்குக்கும் எட்டாத இடத்தில், மிஷினின் தலையைப் பின்பக்கம் சாய்த்து வைத்தேன். மேலே உள்ள எண்ணெய்த் துளைகளிலும், அடியில் இரும்போடு இரும்பு உரசும் இடங்களிலும் மண்ணெண்ணெயை இரண்டிரண்டு சொட்டு விட்டேன். ஓர் இரவு ஊறியது. காலையில் கைச்சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டினேன். அரிசியளவு அசைந்தது. மறுபடி சொட்டு, மறுபடி ஆட்டம். மாலைக்குள் கால் சுற்று வந்தது. மறுநாள் உச்சிவெயிலில் இரும்பு நன்றாகச் சூடேறியிருந்தபோது சக்கரம் முழுச் சுற்றுச் சுற்றியது. அடியிலிருந்து பழுப்பாக ஒழுகியதை எல்லாம் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, அதன் பிறகே புது எண்ணெய் விட்டேன். மண்ணெண்ணெய் கரைக்குமே தவிர, வழவழப்பை நிலைநிறுத்தாது. அதை அப்படியே விட்டால் இரும்பு வறண்டுவிடும். கறுப்பு உடம்பின் மேல் தின்னரையோ ஸ்பிரிட்டையோ தேய்க்காதீர்கள். பூ வேலைப்பாடு துணியோடு வந்துவிடும்.

துணியை நகர்த்தும் பற்களுக்கு மேலே இருக்கும் தகட்டை, இரண்டு திருகுகள்தான், கழற்றினேன். அடியில் துணிப்பொடி கம்பளம் போல் இறுகிக் கிடந்தது. ஊசிமுனையால் கிண்டிக் கிண்டி எடுத்தபோது அது அடுக்கடுக்காக வந்தது. மேலே வெள்ளை, அதற்குக் கீழே அரக்கு, அதற்கும் கீழே பள்ளிச் சீருடையின் நீலம். நாற்பது வருடம் ஊரார் உடுத்திய துணிகளின் பொடி. அதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. ஒரு மருந்துக் குப்பியில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஊசிக்கு அடியில், கொக்கியோடு ஆடும் பாகமான ஷட்டிலைக் கழற்றும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொண்டேன். கைச்சக்கரத்தின் நடுவிலுள்ள குமிழைக் கழற்றுபவர்கள் அதன் பின்னால் இருக்கும் வாஷரைக் கவனிக்க வேண்டும். அதை எந்தப் பக்கம் வைத்தீர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளாவிட்டால், திரும்பப் பூட்டும்போது குமிழைத் தளர்த்தினாலும் சக்கரம் தனியாகச் சுழலாது. அடி நூலைச் சுற்றி வைக்கும் சிறு உருளையான பாபினில் நூல் சுற்ற அந்தத் தனிச்சுழற்சி வேண்டும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று. வாஷரை அரை வட்டம் திருப்பி வைத்ததும் சரியானது.

தோல் பெல்ட் நைந்து போயிருந்தது. ஆறடிப் புதுப் பெல்ட் வாங்கி, பெரிய சக்கரத்துக்கும் கைச்சக்கரத்துக்குமாக மாட்டி அளந்து, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினேன். ஒரே வெட்டில் அளவுக்கு வெட்டிவிட்டால் பெல்ட் குறைந்துபோகும் ஆபத்து உண்டு. இறுக்கமாக இருந்தால் மிதி கனக்கும், தளர்ந்தால் வழுக்கும்.

இதற்குப் பிறகுதான் மிதிக்குப் போனேன். மிதியையும் பெரிய சக்கரத்தையும் இணைக்கும் தண்டு "டக் டக்" என்று அடித்தது. அதைப் பிரித்தபோது உள்ளே ஒரு பித்தளைப் புஷ், உரசும் இடத்தில் போடும் வளையம், இருந்தது. கம்பெனிப் பொருள் அல்ல. கையால் செய்தது. வெளிவட்டத்தில் அரம் போட்ட கோடுகள் இன்னும் தெரிந்தன.

அப்பா திண்டுக்கல்லில் ஒரு பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்தவர். லிவர் தகடுகளைச் சாவியின் வெட்டுக்கு ஏற்ப ராவி ராவிச் சரிசெய்வது அவர் வேலை. ஒரு மயிரிழை அதிகம் ராவினால் தகடு வீண், குறைவாக ராவினால் சாவி திரும்பாது. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அந்தச் செய்தி வந்த தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். அடுத்த வருடம் போய்விட்டார். அந்தப் பித்தளையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தேய்மானம் மிகக் குறைவுதான். ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் திருகை இறுக்கியதும் சத்தம் நின்றது.

மிதியின் இடது பக்கத்தில், குதிகால் படும் இடத்தில், ஒரு மரக்கட்டை போல்ட் போட்டு இறுக்கியிருந்தது. உள்ளங்கை நீளம். பின்பக்கம் ஓர் அங்குல உயரம், முன்னால் வரவரச் சரிந்து போகும். மேலே சைக்கிள் டயர் ரப்பரை ஆணி அடித்து ஒட்டியிருந்தார்கள். சின்ன வயதில் நான் மிஷினுக்கு அடியில் படுத்து விளையாடுவேன். எல்லா மிஷினிலும் இப்படி ஒன்று இருக்கும் என்று அப்போது நினைத்திருந்தேன். இப்போது இதே வகை மிஷின்களின் படங்களைத் தேடிப் பார்த்ததில் எதிலும் கட்டை இல்லை. பழுது பார்க்கிறோமே, முதலில் கடையிலிருந்து வந்தபடியே முழுவதும் கொண்டுவந்துவிடலாம் என்று அந்தக் கட்டையைக் கழற்றினேன். மிதியின் இரும்பைக் கம்பித்தூரிகையால் தேய்த்துக் கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். கட்டை விறகுக் கூடைக்குப் போயிற்று.

அந்தப் பெயிண்ட் காய்வதற்குள் தையல் ஓட்டிப் பார்க்க ஆசை. தலையை மட்டும் மேசையில் வைத்துக் கையால் சக்கரத்தைச் சுற்றிச் சோதித்தேன். துணியின் மேற்பக்கம் தையல் அழகாக விழுந்தது. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுதும் நூல் வளையம் வளையமாகச் சுருண்டு பறவைக் கூடு மாதிரி கிடந்தது.

இங்கே மிஷின் எப்படித் தைக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் ரொம்ப நாளாக எந்த விஷயத்திலும் ஏற்பட்டதில்லை. கை ஊசிக்குக் கண் கொண்டையில் இருக்கிறது, மிஷின் ஊசிக்கு முனையில். எலியாஸ் ஹோவ் 1846இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற மிஷினில், முனையில் கண்ணுள்ள ஊசியும் அடியில் ஷட்டிலும் சேர்ந்தே வேலை செய்தன. ஊசி துணியைத் துளைத்துக் கடைசிவரை இறங்குகிறது. பிறகு ஒரு சிறு அளவு, இரண்டு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், மேலே எழும்புகிறது. அந்தச் சின்ன எழும்பலில் நூல் துணியின் உரசலால் கூடவே ஏற முடியாமல் ஊசியின் பின்னால் ஒரு வளையமாகப் புடைக்கிறது. ஷட்டிலின் கொக்கி சரியாக அந்தக் கணத்தில் வந்து வளையத்துக்குள் நுழைந்து, அதை விரித்து, பாபினைச் சுற்றிக் கடத்திவிடுகிறது. மேல் நூல் இப்போது அடி நூலைத் தழுவி நிற்கிறது. மேலே நூல் இழுக்கும் கை உயர்ந்து இரண்டையும் துணியின் கனத்துக்குள் இழுத்துப் பூட்டுகிறது. பூட்டுத் தையல் என்று இதற்குப் பெயர். பூட்டுச் செய்தவர் வீட்டில் இத்தனை வருடம் இருந்தும் இந்தப் பெயரை நான் யோசித்துப் பார்த்ததே இல்லை.

நூல் அடியில் சுருளுகிறது, எனவே கோளாறு அடியில்தான் என்று முடிவு செய்தேன். பாபின் உட்காரும் கூடான பாபின் கேஸின் குட்டித் திருகை இறுக்கினேன், தளர்த்தினேன். பாபின் போட்ட கேஸை நூலில் தொங்கவிட்டு வெடுக்கென்று உதறிப் பார்த்தேன். கேஸ் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும், அப்படியே நின்றது. ஷட்டிலை மூன்று முறை கழற்றிப் பூட்டினேன். ஊசியை மாற்றினேன். ஊசியின் நீளப் பள்ளம் நூல் நுழையும் பக்கம் இருக்கிறதா, தட்டைப் பக்கம் கொக்கி வரும் பக்கம் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தேன். எல்லாம் சரி. இரண்டு நாள் போயிற்று. அடியில் கூடு மட்டும் போகவில்லை.

அம்மா திண்ணையில் பூ கட்டிக்கொண்டிருந்தாள். துணியை வாங்கி ஒரு பக்கம் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். "அடியில் சுருண்டால் மேலே பார், அம்மா. மேல் நூலைப் பிடித்து வைக்க ஆள் இல்லை, அதனால்தான் அது அடியில் போய் விழுகிறது" என்றாள்.

மேல் நூல் இரண்டு தட்டுகளுக்கு நடுவே போகிறது. அந்தத் தட்டுகளின் அழுத்தம்தான் நூலின் இறுக்கம். நட்டைக் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்து, தட்டுகளைப் பிரித்தேன். நடுவே வாடாமல்லி நிறத்தில் ஒரு நூல் துணுக்கு முடிச்சுப் போட்டு உட்கார்ந்திருந்தது. அது தட்டுகளை ஒட்டவிடாமல் பிரித்தே வைத்திருந்தது. எந்த ரவிக்கையின் நூல் அது என்று அம்மாவைக் கேட்டேன். நினைவில்லை என்றாள். இன்னொன்றும் அவள்தான் சொன்னாள். துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நூல் கோக்க வேண்டும். பாதம் இறங்கியிருந்தால் தட்டுகள் மூடிக்கொள்ளும், நூல் உள்ளே போகாமல் விளிம்பிலேயே நிற்கும். நான் ஒவ்வொரு முறையும் பாதத்தை இறக்கி வைத்துக் கோத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை கோத்து ஓட்டியபோது இரண்டு பக்கமும் ஒன்றுபோல் தையல் விழுந்தது. எது மேல், எது அடி என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அம்மாவை அழைத்துக் காட்டினேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

மறுநாள் பெயிண்ட் காய்ந்தது. தலையை ஸ்டாண்டில் பூட்டி, பெல்ட்டை மாட்டி, அம்மாவை உட்காரச் சொன்னேன். அவள் புடவையைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிச் செருகி, வலது காலை வைத்தாள். இடது காலை வைத்துத் தடவினாள். பாதம் முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருந்தது.

"கட்டை எங்கே?" என்றாள்.

"எந்தக் கட்டை?"

"என் கட்டை."

அம்மாவுக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. இடது கால் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் குட்டை. எங்களுக்கு அது தெரியாததல்ல. அவள் நடையே அதுதான் என்பதால் அதைக் குறையாக நினைத்ததே இல்லை. விறகுக் கூடைக்கு ஓடினேன். நல்லவேளை, கூடையின் அடியில் கிடந்தது.

கட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னாள். மிஷின் வாங்கியது கல்யாணமாகி இரண்டாம் வருடம், 1976இல். அரை மணி நேரம் மிதித்தால் இடுப்பு விண்விண்ணென்று வலிக்கும். யாரிடமும் சொல்லவில்லை. கடன் வாங்கி மிஷின் வாங்கிக் கொடுத்தவரிடம் என்னவென்று சொல்வது? ஒரு நாள் இரவு அவள் தைத்துக்கொண்டிருந்தபோது அப்பா அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு மிஷினுக்கு அடியில் போய் உட்கார்ந்தார். ஏன் என்று கேட்டதற்கு, சத்தம் வருகிறதே என்று பார்க்கிறேன் என்றார். அவள் இடது குதிகால் மிதியில் படாமல் அந்தரத்தில் நிற்பதை அங்கேதான் பார்த்திருக்கிறார். அடுத்த வாரம் பட்டறையிலிருந்து வரும்போது பையில் இந்தக் கட்டை இருந்தது.

"ஒரே தடவையில் சரியாக அமையவில்லை. இது போதுமா, இது போதுமா என்று கேட்டுக் கேட்டு மாற்றிக்கொண்டே இருந்தார். என் காலைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. மிஷின் எப்படி ஓடுகிறது என்றுதான் கேட்பார்."

கட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் மூன்று ஜோடித் துளைகள் இருந்தன. இரண்டு ஜோடியை மெழுகால் அடைத்திருந்தார். சரிவிலும் அரம் போட்ட கோடுகள். மரத்தை இழைக்க இழைப்புளி உண்டு. அவர் கைக்குத் தெரிந்தது அரம்.

எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே காந்திகிராமம் என்ற கிராமப்பணி நிறுவனம் இருக்கிறது. 1947இல் அதைத் தொடங்கியவர்கள் ஜி. ராமச்சந்திரனும் டி. எஸ். சௌந்தரமும். இளவயதிலேயே கணவரை இழந்து, மருத்துவம் படித்தவர் சௌந்தரம். இருவரும் மணந்துகொள்ள விரும்பியபோது, ஓராண்டு பிரிந்திருந்து மனம் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கும்படி காந்தி சொன்னார். மாறவில்லை. 1940இல் மணந்தார்கள். இதே ராமச்சந்திரன் சாந்திநிகேதன் மாணவராக இருந்தபோது 1924இல் காந்தியைச் சந்தித்து, நீங்கள் எல்லா இயந்திரங்களுக்கும் எதிரியா என்று கேட்டார். அந்த உரையாடல் அவ்வருடம் நவம்பரில் காந்தியின் யங் இந்தியா இதழில் வந்தது. விதிவிலக்காகக் காந்தி சொன்னது தையல் மிஷினைத்தான். சிங்கர் தன் மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைக் கண்டு, அவள் மேல் கொண்ட அன்பினால் அதைச் செய்தார் என்றார்.

சிங்கரைப் பற்றி அது சரியான தகவல் அல்ல. 1850இல் பாஸ்டன் நகரப் பட்டறை ஒன்றில், பழுது பார்க்க வந்த வேறொருவரின் தையல் மிஷினைச் சீர்திருத்தப் போய்த்தான் ஐசக் சிங்கர் தன் மிஷினை அமைத்தார், 1851இல் காப்புரிமை வாங்கினார். அதில் மனைவியின் கஷ்டம் எங்கும் வரவில்லை. இருந்தாலும் காந்தி சொன்ன கதை எனக்குப் பொய்யாகத் தோன்றவில்லை. எங்கள் வீட்டு மிஷினில் அந்தக் கதை ஒரு கையளவு மரமாகப் போல்ட் போட்டு இருந்தது. நான்தான் அதைக் கழற்றி விறகில் போட்டிருந்தேன்.

பழைய துளைகளிலேயே கட்டையைப் பூட்டினேன். பெயிண்ட் உரிந்தது, உரியட்டும் என்று விட்டுவிட்டேன். அம்மா உட்கார்ந்தாள். இடது குதிகால் போய் ரப்பரின் பள்ளத்தில் அமர்ந்தது. கைச்சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினாள், மிதி தானாகவே இறங்குவது போல் இறங்கியது. பித்தளைப் புஷ்ஷிலிருந்து சத்தமே இல்லை. எழுபத்து இரண்டு வயதில் அவள் ஒரு முழத் துணியை நூல் பிடித்தாற்போல் நேராக ஓட்டினாள்.

எனக்கு மிதிக்க வரவில்லை. மிதி ஒரு நொடி தயங்கினாலும் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றிவிடும். சக்கரம் எப்போதும் நம்மை நோக்கித்தான் சுழல வேண்டும், எதிர்ப்பக்கம் சுற்றினால் நூல் சிக்கி அறும். அம்மா நூலைக் கழற்றிவிட்டு, கோடு போட்ட நோட்டுத் தாளைக் கிழித்து ஊசிக்கு அடியில் வைத்தாள். முன்பு தையல் படிக்க வந்த பெண்களுக்கு அவள் முதலில் தந்தது இதைத்தான். கோட்டின் மேலேயே துளை விழ வேண்டும். ஒரு வாரம் தாளில் ஓட்டினேன். முதல் நாள் துளைகள் கோட்டை விட்டு ஓடின. மூன்றாம் நாள் கோட்டுக்கு இரு புறமும் தள்ளாடின. ஐந்தாம் நாள் ஒரு கோடு முழுவதும் நேராக வந்தது. தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபோது அந்தத் துளைகள் வழியாக ஒளி வரிசையாக வந்தது. அது நான் இதற்கு முன் போட்டிராத கோடு. அந்தத் தாளை அன்றே என் மேசைக்கு மேல் ஒட்டினேன். துணிப் புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் மழை வேண்டும் என்று முடிவு செய்ததும் அப்போதுதான். வரையாமல், வெட்டி ஒட்டாமல், வெறும் தையலால் சாய்ந்து விழும் மழை.

ஒரு சிக்கல் இருந்தது. அந்தக் கட்டையின் மேல் என் இடது கால் சரியாக உட்காரவில்லை. குதிகால் தூக்கிக்கொண்டு முழங்கால் வலித்தது. அம்மா, "உனக்கு வேண்டாம் என்றால் எடுத்துவிடு, நான் இனி எவ்வளவு தைக்கப் போகிறேன்" என்றாள். எடுக்கவில்லை. பழைய நட்டுகளுக்குப் பதிலாகக் காது வைத்த நட்டுகள் இரண்டு வாங்கிப் போட்டேன். ஸ்பானர் வேண்டாம். விரலால் ஒரு பக்கம் திருகினால் கட்டை வரும், மறுபக்கம் திருகினால் இறுகும். அப்பாவின் போல்ட்டுகள் அப்படியே இருக்கின்றன.

காலையில் கட்டையை எடுத்து வைத்துவிட்டு நான் மழை தைக்கிறேன். மூன்று மணிக்கு அம்மா தூங்கி எழுந்து வருவதற்குள் மறுபடி பூட்டிவிடுகிறேன். புத்தகத்தில் இன்னும் நான்கு பக்கங்கள் பாக்கி. ஐந்தாம் பக்கத்துக்கு மாங்காய்ப் பூட்டு ஒன்று வெட்டியிருக்கிறேன், அரக்கு நிறச் சுங்குடித் துண்டில். அதன் விளிம்பை நான் ஓட்டுவதா, அவள் ஓட்டுவதா என்பது இன்னும் முடிவாகவில்லை.